சூர் பெட்டி

நல்ல காது உள்ள ஒருவரைச் செவிடர் என்று நான் ஊரை நம்ப வைத்தேன். அதை அவருடைய கடையிலேயே, அவருடைய வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் முன்னால் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

கருவடிக்குப்பத்தில் தன் வீட்டின் முன்னறையில் ஸ்பீக்கர் விற்பவர் அவர். துணி மில் மூடும் வரை அங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். சனிக்கிழமை காலைகளில் அந்த அறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவென்றே சிலர் வருவார்கள். பெரும்பாலும் என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள். கடைக்குப் பலகைகூடக் கிடையாது. "அவரு காது சொன்னா சரியா இருக்கும்" என்ற பேச்சை வைத்துத்தான் வியாபாரம் நடந்தது.

நான் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார்; புதுச்சேரியில் என்னை எல்லாரும் 'முசே', அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ஸ்பீக்கர்களை மாற்ற நினைத்து ஊரில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கே போனாலும் ஒரே சிடியைக் கொண்டுபோவேன். எங்கள் கோயில் பாடகர் குழு ஈஸ்டருக்குப் பாடியதன் பதிவு அது. குழுவில் என் மனைவியும் உண்டு. மூன்றாவது பாட்டு முடியும்போது பீடத்தில் ஒரு சின்ன மணி அடிக்கும். அந்த மணியை வைத்துத்தான் எல்லாப் பெட்டிகளையும் நான் அளந்தேன்.

டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோரூமில் மணி கணீரென்று கேட்டது. கருவடிக்குப்பத்தில் டொக்கென்று எதையோ தட்டியதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"இன்னா முசே, எப்படி இருக்குது?" என்றார் கடைக்காரர்.

"சூர்," என்றேன்.

பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். மங்கி ஒலிக்கும் சத்தமும் சூர், காது கேளாதவனும் சூர். கடைக்காரருக்குப் பிரெஞ்சு தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த சொல்தாவுக்குத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர் அவர்.

"பெட்டி சூரா, கடக்காரரு சூரா முசே?" என்று சிரித்தார்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "ரெண்டும்தான். தறிச் சத்தத்துல செவிடான காது. அதுக்கு மணிச் சத்தம் எங்க கேக்கப் போவுது?" என்றேன்.

அறையே சிரித்தது. கடைக்காரர் சிடியை எடுத்து, துடைத்து, உறைக்குள் போட்டு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "எனக்கு மணி கேட்டுச்சு முசே," என்றார். 

நான் ஷோரூம் ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டேன். அதோடு நிற்காமல் டீக்கடையிலும், பூசை முடிந்து கோயில் வாசலிலும் அந்த வேடிக்கையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த இடத்துக்குச் சூர் கடை என்றே பெயர் விழுந்துவிட்டது. சனிக்கிழமை நாற்காலிகள் காலியாகக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் என் மனைவி என்னைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குக்கர் விசிலடிப்பது எனக்குக் கேட்பதில்லை என்பது அவள் புகார். சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் சில சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. இயந்திரம் பழுது என்று நினைத்து அறையின் கண்ணாடி ஜன்னலைத் தட்டினேன்.

சோதிக்கும் பெண் கதவைத் திறந்தாள். "மிஷின் நல்லாதான் இருக்குது ஐயா. இவ்ளோ நேரமும் சத்தம் போயிட்டுதான் இருந்துச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்போ சூர் யாரு?"

மறுநாள் ஷோரூமுக்குப் போய், உங்கள் பெட்டியில் மட்டும் எனக்கு எப்படி மணி கேட்டது என்று விசாரித்தேன். விற்பனையாளர் கள்ளமில்லாமல் சொன்னார். "வயசானவங்க வந்தா ட்ரெபிள, அதான் கீச்சுச் சத்தத்த, நல்லா ஏத்தி வெச்சிடுவோம் சார். அப்பதான் அவங்களுக்குத் தெளிவாத் தெரியும்." கருவடிக்குப்பத்துக்காரர் எதையும் ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. சிடியில் இருந்ததை அப்படியே கேட்க வைத்திருக்கிறார்.

காது மெஷின் வாங்கிப் பழகினேன். அன்று சிரித்த ஐந்து பேர் வீட்டுக்கும் நானே நடந்துபோய், வரும் சனிக்கிழமை வந்தே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். என் ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மனைவியோடு போய் இறங்கினேன். இரண்டு கடைப் பெட்டிகளையும் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டவேண்டும் என்பது என் எண்ணம்.

கடைக்காரர் வாசலில் வழிமறித்தார். "மத்த கட சாமான நான் ரிப்பேர் பாக்கறதில்ல முசே."

"ரிப்பேரு பெட்டிக்கு இல்ல, எனக்கு," என்று காதைக் காட்டினேன்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று சொன்னேன். கேளாத காது என்னுடையது, அவருடைய காதைப் பழித்தது பொய், சிரிப்பதற்காகச் செய்தேன் என்று. இன்னும் நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேச்சு போதும் முசே. பேச்சாலதான் இவ்ளோவும் ஆச்சு. உங்க பெட்டியும் இருக்குது, எம் பெட்டியும் இருக்குது. குறுக்கப் பெட்ஷீட்டக் கட்டுவோம். எது எதுன்னு தெரியாம எல்லாரும் கேளுங்க. என்னுது தோத்தா நாளைக்கே கடயச் சாத்திடறேன்."

எனக்குப் பயமாகிவிட்டது, திருத்த வந்த இடத்தில் கடையையே மூட வைத்துவிடுவேனோ என்று.

அவர் மனைவி பூப்போட்ட பெட்ஷீட்டைக் கட்டி, அதன் பின்னால் நின்று வயரை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது பாட்டு இரண்டு முறை ஓடியது. முதல் முறை குரல்கள் தகரத்தில் உரசியதுபோல் வந்தன. இரண்டாம் முறை ஆட்கள் எதிரில் நின்று பாடினார்கள். முடிவில் மணி அடித்தது. அடித்து, மெலிந்து, மெலிந்து, கோயில் கூரை வரைக்கும் போனது. அது அடங்குவதற்குள் ஒரு காகிதம் சரசரத்தது.

"நாந்தான்! பக்கத்தப் பெரட்டினது நாந்தான்!" என்று கத்தினாள் என் மனைவி. எத்தனையோ வருஷமாக அவள் சொல்லி, அப்படி ஒரு சத்தமே கிடையாது என்று நான் மறுத்துவந்த சத்தம் அது.

என் மனைவியைத் தவிர எல்லாரும், நல்லது ஒன்றா இரண்டா என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிப் போட்டோம். சீட்டுகளைப் பிரித்தார்கள். என்னோடு ஆறு பேர். ஆறிலும் இரண்டு என்றே எழுதியிருந்தது. கடைக்காரரின் மனைவி பெட்ஷீட்டை அவிழ்த்து, இரண்டாவதாகப் பாடிய பெட்டியின் தலையில் கையை வைத்தார். அவர்களுடைய பெட்டி. சொல்தா எழுந்து விறைப்பாக நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். அன்று அந்த அறை போட்ட சத்தம் மெஷின் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "ஒங்க பெட்டிய எடுத்துக்குனு போங்க முசே, எடத்த அடைக்குது," என்றார்.

அந்தக் கதையும் ஊரில் பரவியது. இப்போது தவளக்குப்பத்திலிருந்துகூட ஆட்கள் வந்து, "அந்த சூர் பெட்டி இருக்குதுங்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். சனிக்கிழமைகளில் நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடுகிறார். எனக்கென்று ஒன்று, கொஞ்சம் நன்றாகக் கேட்கும் என் காது பெட்டியைப் பார்க்கும்படி சாய்த்துப் போட்டிருக்கிறது.

யாராவது புதிதாக வந்து, இவ்வளவு நல்ல பெட்டிக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், அவர் என்னைக் கைகாட்டுகிறார். "முசே சொல்லுவாரு."

நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.