அண்ணன் ஸ்கின்ஹெட் ஆன சனிக்கிழமை

எங்கள் அண்ணன் லண்டன்காரனாக மாறியது ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆவடி குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவன் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். நான் மூன்றாம் வகுப்பு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜோடிச் செருப்பு. முந்தின வாரம் ரயிலில் கொரட்டூர் பையன்கள் அதைக் கழற்றி ஜன்னல் வழியே வீசிவிட்டார்கள். முன்முடியில் ஆரஞ்சுச் சாயமும் காலோடு ஒட்டிய பேண்ட்டுமாக அவர்களுக்கென்று ஒரு தோரணை இருந்தது. ஸ்டேஷனிலிருந்து வெறுங்காலோடு நடந்துவந்த அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் செல்போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தான்.

அதில் வந்தவர்களுக்கு ஸ்கின்ஹெட் என்று பெயர். அந்தக் காலத்து லண்டனில் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகளாம். வசதியான வீட்டுப் பையன்கள் முடி வளர்த்துத் திரிந்தபோது, இவர்கள் ஒட்ட வெட்டிக்கொண்டு, வேலைக்குப் போடுகிற பூட்ஸை மாட்டி, பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டு நடந்தார்களாம். பாட்டையும் ஆட்டத்தையும் ஜமைக்காவிலிருந்து குடியேறிய கறுப்புப் பையன்களிடம் கற்றுக்கொண்டார்களாம்.

“நம்மள மாதிரி ஃபேக்டரி ஊட்டுப் பசங்கதான். எவனும் கிட்ட வரமாட்டான்” என்றான் அண்ணன்.

பின்னாளில் அவர்களில் ஒரு கூட்டம் நம் நிறத்துக்காரர்களைத் தேடித்தேடி அடித்ததை நான் பெரியவளான பிறகுதான் படித்தேன். அண்ணன் வீடியோவை அந்த இடம்வரை பார்க்கவில்லை, பாவம்.

அவனும் மூன்று நண்பர்களும் மாற்றி மாற்றி டிரிம்மர் போட்டுக்கொண்டார்கள். அண்ணன் முறை வந்தபோது பாதித் தலையில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை சலூனில் பிளேடால் மழித்துக்கொண்டு வந்து நின்றான். பேண்ட்டைத் தோளோடு இழுத்துப் பிடிக்கிற வாருக்குத் தையல்கடை எலாஸ்டிக். காலில் அப்பாவுக்கு ஃபேக்டரியில் கொடுத்த பழைய பூட்ஸ்.

அம்மா தலையிலடித்துக்கொண்டாள். “அப்பன் உயிரோட இருக்கச்சொல்லோ எவன்டா இப்டி மழிச்சிகினு வருவான்?”

அப்பா ஓவர்டைமில் இருந்ததால் தீர்ப்பு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. அண்ணன் என்னிடம் அம்மாவின் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னான். இந்த வேஷத்தில் சிரிக்கக் கூடாதாம். வெள்ளைச் சட்டை, மழித்த தலை, இறுகிய முகம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அப்படியே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டேன், ஒரு வார்த்தைகூட எழுதாமல். பிறகு போன் அணையும்வரை கேம் ஆடினேன். அண்ணன் கூட்டத்தோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டான்.

ஐந்து மணிக்குக் கரையான்சாவடியிலிருந்து அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, ஆட்டோவில் பெரிய மாலையோடு வந்து இறங்கினாள். படத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஃபேக்டரி கேட்டிலேயே போனை அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மாவின் போனும் அணைந்து கிடந்தது.

“அண்ணா, எங்கள உட்டுட்டுப் பூட்டியே!” என்று அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸில் யாராவது அப்படி அழுதால் எல்லாருக்கும் முதலில் ஃபேக்டரி விபத்துதான் ஞாபகம் வரும். அங்கிருந்து தனக்கு வராத சேதி அத்தைக்கு வந்துவிட்டது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அவள் அலறியதைப் பார்த்து அத்தைக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். கொரட்டூர் பையன்கள் அன்று வரவே இல்லையாம். ஸ்டேஷனில் பூ விற்கிற அம்மாதான், “நாலு பேரும் ஒண்ணா திருப்பதியா? லட்டு எங்க நைனா?” என்று கேட்டதாம். கூட்டத்தையும் மாலையையும் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தான். முடிச்சு அவிழவில்லை. “அப்பா, அப்பா” என்று சின்னப்பிள்ளை போல அழ ஆரம்பித்தான்.

கால்மணி நேரம் கழித்து அப்பா சைக்கிளில் வந்தார், ஹேண்டில்பாரில் டிபன் பையோடு.

“இன்னா கூட்டம்? யாருக்கு இன்னா ஆச்சி?”

அத்தை ஓடிப்போய் அவர் முதுகில் அடித்தாள், சிரித்தாள், திரும்ப அழுதாள். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா மாலையைப் பார்த்தார், அண்ணன் தலையைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். இப்போது அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

அண்ணன் எழுந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

“விடுடா, ஸ்டாண்ட் போடணும்” என்றார் அப்பா.

அவன் விடவில்லை. ஸ்டாண்ட் போட்ட பிறகும் விடவில்லை. சைக்கிள்தான் இனி விழாதே, இவன் எதற்கு இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.