அண்ணன் கேட்டு வாங்கிய விதைப்பூண்டு

போன வாரம் வட்டவடையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டுகள் புகையேறித் தொங்கின. பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணி கொடுத்த கட்டன்காப்பியை ஆறவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் மலைப் பூண்டு பொடிசு, காரம் அதிகம். பிடுங்கியதும் தாளோடு கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிடுவோம். அடுத்த போகத்துக்கு அதுதான் விதை. விதையை விற்பது எங்கள் வழக்கமில்லை. இல்லாதவர் வாய்திறந்து கேட்க வேண்டும். ஒரு கட்டு வாங்கினால் அறுவடைக்குப் பிறகு ஒரு கட்டாகத் திருப்ப வேண்டும். கேட்காமல் கொடுத்த விதை முளைக்காது என்று நம்புகிறோம். கொடுப்பவரும் "ஒங்க விதை என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டை இறக்குவார். எலி, மழை என்று ஏதாவது பதில் வரும். யாரும் அதற்கு மேல் துருவ மாட்டார்கள்.

ஊரில் பாதிப் பேர் அண்ணனிடம்தான் விதை கேட்பார்கள். அவர் கைராசி அப்படி. அந்தப் பெயர் அவருக்குப் போதவில்லை. போன வருஷம் கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொடிப்பூண்ட வச்சு எத்தன நாளைக்குண்ணே மல்லுக்கட்டுவீங்க? வடக்கத்தி விதை எறக்கித் தாரேன். பல்லு ஒவ்வொன்னும் கட்டவெரல் தண்டி. நாளைக்குச் சாக்குல ஒங்க படத்தப் போட்டுத்தான் விப்பேன்."

அண்ணி அன்றைக்கே, மூணாறு ஸ்டுடியோவில் போட்டோ எடுக்க ஜீப் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த மேட்டு ஊருக்குக் கட்டிக்கொடுத்த தங்கச்சியின் பேச்சு யார் காதில் ஏறும்? அண்ணன் விதைக் கட்டுகளையெல்லாம் இறக்கி அந்த வியாபாரியிடமே விற்றார். அண்ணனை நம்பிப் பக்கத்து வீடுகளும் இறக்கின.

வடக்கத்திப் பூண்டு தாள் வளர்ந்து நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே! பிறகு மழையும் மூடுபனியும் விடாமல் பிடித்தன. பிடுங்கினால் அடியில் வெறும் அழுகல், எல்லார் வயலிலும்.

ஊர் வியாபாரியைத் திட்டியது. அண்ணி கண்ணேறு என்றார். "அவன் நம்ம கழுத்த அறுத்துட்டான்" என்று அண்ணனும் சில நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பேச்சே நின்றது. விடியும் முன் வயலுக்குப் போகிற மனிதர் கம்பளியை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். அவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்தேன்.

என் வீட்டில் விதை இருந்தது. கல்யாணமான புதிதில் அண்ணனிடம் கேட்டு வாங்கிப் பெருக்கியதுதான். "ஜீப்ல போட்டுக் கொண்டு போய்க் குடுத்துட்டு வாயேன்" என்றார் என் வீட்டுக்காரர். கேட்காமல் கொண்டுபோனால் அண்ணன் அதைத் தொடக்கூட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஊன்றும் பருவம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் வாசலைப் பார்த்தபடி இருந்தேன்.

ஒரு காலையில் அண்ணன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். காப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றார்.

"தாயி, விதை வேணும்."

கேள்வியை விட்டுவிடலாம்தான். எனக்கும் ஆத்திரம் ஆறவில்லை. "ஒங்க விதை என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன். வியாபாரியை இழுப்பார், நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று காத்திருந்தேன்.

"வியாபாரி வியாபாரம் பேசுனான். ஒன் அண்ணி ஆசப்பட்டா. கட்ட எறக்குனது ஏங் கை தாயி. சாக்குல எம் படம் வரணும்னு எறக்குனேன்."

ஏணியைச் சாத்திக் கட்டுகளை இறக்கினேன். அவர் கைநீட்டித் தடுத்தார்.

"அந்த வீடுகளையும் நாந்தான் எறக்க வச்சேன். மொதல்ல அவங்களுக்கு. மிச்சம் இருந்தா எனக்கு."

அந்த வீட்டுக்காரர்களும் வந்து கேட்டு வாங்கிப் போனபின் மிச்சம் ஒரு கட்டுதான் இருந்தது. அதைத்தான் அவர் பெருக்கியிருக்கிறார். போன வாரம் நான் போனதே, எனக்குச் சேர வேண்டியதை வாங்கிவரத்தான்.

பேசிக்கொண்டிருக்கையில் கீழ்த்தெருப் பெண் ஒருத்தி வந்து விதை கேட்டாள். மறுபடியும் அந்த வாசலுக்கு ஒருத்தி கேட்டு வருகிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அண்ணன் எழுந்து கட்டை இறக்கி அவள் கையில் கொடுத்தார். அவள் நகராமல் நின்றாள். "ஒங்க விதை என்னாச்சு?" என்று அவர் கேட்கவில்லை.

"எலி தின்னுருச்சுண்ணே" என்றாள் அவளாகவே.

"சரித்தா. பனி எறங்குமுன்ன ஊனிரு" என்றார் அண்ணன்.