யாரும் ஏலம் கேட்காத முந்திரிக் கொட்டகை

இதை எழுத வேண்டும் என்று நோட்டு வாங்கி வைத்தே ஏழெட்டு வருஷம் ஆகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் இரண்டு பயம் வரும். எட்டாவதோடு நின்றவள் எழுதி என்ன ஆகப்போகிறது என்பது ஒன்று. இன்னொன்றுதான் பெரிய பயம். இதில் வரும் முதலாளியம்மா உயிரோடு இருக்கும்போது, அவர்கள் சொத்து வரிபாக்கியில் போன கதையை நான் காகிதத்தில் ஏற்றுவது முறையில்லை. அவர்கள் தவறி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் மகளிடம் போய்க் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்கக்கா. அம்மா இருந்தா அவங்களே எழுதச் சொல்லியிருப்பாங்க" என்றது. அப்புறமும் ஒரு தவக்காலம் முழுக்க மாதாவிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் அப்போது இருந்தது சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்புக்கு வெளியே. என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆட்களுக்கு உள்ளே குவார்ட்டர்ஸ், குழாய்த் தண்ணீர், தெருவுக்குத் தெரு நிழல் மரம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அவரவர் சாமர்த்தியம். ரோட்டோரப் புறம்போக்கில் பதினோரு குடிசை போட்டிருந்தோம். ஷிப்ட் பஸ் வேகமாகப் போனால் கூரைக் கீற்று எழுந்து படுக்கும். மழை நாளில் சேறு அடுப்புவரை தெறிக்கும். ஆனாலும் வாடகை இல்லை, சுரங்கம் பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். அதனால் வாயைத் திறக்காமல் இருந்தோம்.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் முந்திரிக் கொட்டகை. நாலு பக்கமும் செங்கல் சுவர், நடுவில் கொட்டை காயவைக்கும் பெரிய சிமென்ட் களம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஆறு வருஷம் நான் அங்கே கொட்டை உடைத்தேன். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்து, சாம்பலைப் பூசிக்கொண்டே உடைப்போம். முதலாளி கறாரானவர். முதலாளியம்மா அப்படி இல்லை. என் மூத்தவள் பிறந்தபோது உளுந்தங்களி கிண்டிக்கொண்டு குடிசைக்கே வந்தவர்கள். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு செரிக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் முதலாளி திடீரென்று இறந்துபோனார். கொட்டகையைப் பூட்டினார்கள். முதலாளியம்மா திருவதிகையில் இருந்த அண்ணன் வீட்டோடு போய்விட்டார்கள். வரி கட்ட ஆளில்லை. பாக்கி ஏறி ஏறி, தாலுகா ஆபீசில் ஜப்தி செய்து ஏலம் போட்டார்கள்.

அந்த ஏலத்தை எங்கள் குடிசை வாசலில் நின்றே பார்த்தேன். தண்டோரா போட்டார்கள். அதிகாரி நோட்டீசை வாசித்தார். பண்ருட்டியிலிருந்து இரண்டு ஸ்கூட்டரில் வந்தவர்கள் சுவரைச் சுற்றிப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், வந்த வழியே போய்விட்டார்கள். மூன்று தரம் கூவியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சர்க்காரே பெயருக்கு ஒரு விலை போட்டுத் தன் பேருக்கு எடுத்துக்கொண்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் ஜப்தியான சாமானை யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு வெண்கலக் குண்டான் ஆனாலும் சரி, ஒரு பசுமாடு ஆனாலும் சரி. பறிகொடுத்தவர் வயிற்றெரிச்சல் அதோடு கூடவே வரும் என்பார்கள். அதிலும் ஏலத்தன்று முதலாளியம்மா பஸ் ஸ்டாப்பில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை இட்லி விற்கும் அக்கா தன் கண்ணால் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த இடத்தில் யாரும் ஆடுகூட மேய்க்கவில்லை. சீமைக்கருவேலம் மண்டியது. சுவர் அங்கங்கே இடிந்து விழுந்தது. பாம்பு குடியேறியது.

நாலு வருஷம் போனது. ரோட்டை அகலப்படுத்தப் போவதாகவும் ஆறு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் எங்கள் பதினோரு குடிசைக்கும் நோட்டீஸ் வந்தது. அந்த ராத்திரி எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. எங்கே போவது? என் பெரிய பெண் ஒன்பதாவது, சின்னவன் ஐந்தாவது. வீட்டுக்காரர் ஊரில் எங்களுக்கென்று ஒரு அடி மண் கிடையாது. ஊருக்குள்ளே வாடகைக்குப் போனால் வாங்கும் கூலி அதற்கே சரியாகிவிடும்.

நோட்டீசில் கையெழுத்து வாங்க வந்தவர் வருவாய் ஆய்வாளர். ஆர்.ஐ. என்போம். கறாராகப் பேசினாலும் நல்ல மனுஷன். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு எதிரே கையைக் காட்டினார்.

"ஏம்மா, கண்ணெதிர்ல சர்க்கார் நெலம் சும்மா கெடக்குது. வூடு இல்லாதவங்களுக்கு மனையா பிரிச்சிக் குடுக்க சட்டத்துல எடம் இருக்கு. அடுத்த மாசம் ஜமாபந்தி. மனு குடுங்களேன்."

ஜமாபந்தி என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை தாலுகா ஆபீசில் பெரிய அதிகாரி வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குப் பார்ப்பார், ஜனங்களிடம் நேராக மனு வாங்குவார்.

"எங்களுக்குக் குடுப்பாங்களா சார்?"

"பதினோரு வூடும் சேந்து கேட்டா குடுப்பாங்க. நாலு பேர் கேட்டு ஏழு பேர் வேணான்னா, இவங்களுக்குத் தேவையில்லன்னு எழுதிடுவாங்க. குடோன் கட்டணும்னு வேற டிபார்ட்மென்ட்காரங்க கேட்டுக்கினு இருக்காங்க. பாத்துக்கங்க."

எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. வரிசை முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். யார் முகமும் மலரவில்லை. இட்லி அக்கா மாவுக் கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீ வேணா போயி அங்க குடித்தனம் நடத்து. நான் புள்ளகுட்டிக்காரி. அந்தம்மா அழுத அழுகைய நான் பாத்தேன்டி. ரோட்ல படுத்தாலும் படுப்பேன், அந்த மண்ணுல படுக்கமாட்டேன்."

"ரோடும் இல்லன்னுதானேக்கா நோட்டீஸ் வந்திருக்கு!"

"அப்ப மரத்துல படுக்கறேன், போ."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் பக்கம்தான் நின்றார்கள். என் வீட்டுக்காரரும் "நாலு பேரு வேணாங்கறத நாம மட்டும் என்னா பண்றது" என்று துண்டை உதறிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. சாபத்துக்குப் பயமில்லை. ஜெபமாலை கையில் இருக்கிறவளுக்குச் சாபம் என்ன செய்யும்? ஆனால் எனக்குக் களி கிண்டிக் கொடுத்தவர்கள் அழுத மண்ணில் நான் எப்படி அடுப்பு மூட்டுவேன்? ஒருவருக்கு நம்பேரில் மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவரிடம் போய்ச் சமாதானம் ஆகிவிட்டு அப்புறம் பூசைக்கு வா என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு நாள் ஜெபம் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் பண்ருட்டி பஸ் ஏறி, அங்கிருந்து திருவதிகைக்கு நடந்தே போனேன்.

முதலாளியம்மா கொல்லையில் பலாப்பழம் அறுத்துக்கொண்டு இருந்தார்கள். கையெல்லாம் எண்ணெய், பிசின். நெற்றியில் பட்டையாய்த் திருநீறு. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டார்கள்.

"அடிப் பாவி, நீயா? எளச்சிப்போயிட்டியே. உக்காரு. நீ சிலுவைக்காரி, கோயில் துண்ணூறு குடுத்தா வாங்கமாட்ட. சுளை வாங்குவ இல்ல?"

சுளையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முழித்தேன். அப்புறம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோட்டீஸ், ஜமாபந்தி, இட்லி அக்கா பார்த்த அழுகை, எல்லாம். "அம்மா, உங்க வயிறு எரிஞ்ச எடத்துல நாங்க வாழக்கூடாது. நீங்க வேணான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, மனு எழுதமாட்டேன்" என்றேன்.

அவர்கள் பிசின் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"அழுதேன்தான். நெலம் போச்சேன்னா அழுதேன்? வரி கட்டாத நெலம் போவாம இருக்குமா. மூணு தரம் கூவனாங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் அம்பது ரூவாய்க்குக் கூட வாயத் தொறக்கல. அவரு ஒவ்வொரு செங்கல்லா நின்னு பாத்துக் கட்டன எடம்டி. பெரியம்மை கண்ட வூடு மாதிரி எல்லாரும் ஒதுங்கிப் போனாங்க. அதுக்குத்தான் அழுதேன்."

எங்கள் ஜனம் நாலு வருஷமாக அந்த இடத்தைத் தொடாமல் இருந்தது அவர்கள் மனசுக்கு மரியாதை என்று நினைத்துத்தான். அந்த மரியாதைதான் அவர்களைக் கொன்றுகொண்டு இருந்திருக்கிறது.

"பஸ்ஸுல போவும்போது அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். முள்ளு மண்டிக் கெடக்கறதப் பாக்க முடியல. பதினோரு வூட்ல வெளக்கு எரிஞ்சா எனக்கென்னாடி வயித்தெரிச்சல்?"

சந்தோஷமாகத் திரும்பி வந்து வரிசையில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "நீ மனு குடுக்கணும்னு அவங்க வாயால நீயே பேசற" என்றாள் இட்லி அக்கா. "அப்படியே அவங்க கொரல்லயே பேசறா பாரு, நாடகத்துல சேத்துடலாம்." அன்றைக்கு நான் அழுதேன். ஜமாபந்திக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்து இறங்குகிறேன், பின்னாலேயே பண்ருட்டி பஸ் வந்து நின்றது. முதலாளியம்மா இறங்கினார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. எங்கள் பக்கம் திரும்பாமல் நேராக ரோட்டைத் தாண்டினார்கள். முள்ளை விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்கள். புடவை கிழிந்தது, நிற்கவில்லை. காயவைக்கும் களத்தின் நடுவில் போய் நின்று, "எவடி அவ, என் மண்ணு ஆகாதுன்னவ? இங்க வா" என்று ஒரு சத்தம் போட்டார்கள். கொட்டை உடைக்கிற காலத்தில் கேட்ட அதே சத்தம். பதினோரு வீட்டுப் பெண்களும் முள்ளுக்குள் ஓடினோம்.

இட்லி அக்கா கடைசியில் தயங்கித் தயங்கி வந்தாள். அவளும் பழைய கொட்டை உடைக்கிறவள்தான்.

"ஏண்டி, ஒடச்ச பருப்புல பாதி உன் வாயிலதான் போச்சு. அப்பல்லாம் இந்த மண்ணு ஆச்சா? இப்ப ஆவாதா?"

"அம்மா, கால்வாசிதாம்மா" என்றாள் அக்கா. எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அக்கா போய் அவர்கள் காலைக் கட்டிக்கொண்டாள்.

முதலாளியம்மா பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து எங்கள் பதினோரு பேர் முந்தானையிலும் போட்டார்கள். எங்கள் பக்கம் சொத்தை மனசாரக் கொடுக்கிறவர்கள் செய்கிற முறை அது. சட்டப்படி அந்த மண் அவர்களுடையது இல்லை. சர்க்கார் கொடுக்கப் போகிறது. ஆனாலும் அந்த வெற்றிலை விழுந்த நிமிஷத்தில்தான் எங்கள் ஜனம் அதை இடம் என்று பார்த்தார்கள்.

"இந்தக் களத்த மட்டும் யாரும் பங்கு போட்டுக்காதீங்க. பொதுவா வெச்சிக்கங்க" என்றார்கள். அது ஒன்றுதான் அவர்கள் கேட்டது.

ஜமாபந்தி அன்று பதினோரு குடும்பமும் ஒரே பஸ்ஸில் போனோம். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "எல்லாருக்கும் சம்மதமா? அப்புறம் அந்த எடம் வேணாம், இந்த எடம் வேணாம்னு வரக்கூடாது" என்றார். "வரமாட்டோம் சாமி! வூடு கட்டிட்டு உங்களக் கூப்புட வருவோம்" என்று இட்லி அக்கா போட்ட சத்தத்தில் ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நாலு மாதத்தில் சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். களத்தைப் பொதுவில் விட்டு மற்றதைப் பதினோரு மனையாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பட்டா பெண்கள் பேரில். ஆண்கள் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு கருவேலம் வெட்டினார்கள். இடிந்த சுவரின் செங்கலை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆர்.ஐ. எழுதி வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு கல்லாகச் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துப் பதினோரு குவியலாக வைத்தோம். ஒருவருக்கு ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குடிசையை இடிக்க மிஷின் வந்த அன்று அங்கே இடிக்க ஒன்றும் இல்லை. மூங்கிலும் கீற்றும் முந்தின வாரமே ரோட்டைத் தாண்டிவிட்டன. டிரைவர் இறங்கி வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனான்.

முழு வீடு எழும்ப இரண்டு வருஷம் ஆனது. முதல் வருஷம் வீட்டு வரி கட்ட நாங்கள் பதினோரு பெண்களும் சேர்ந்து போனோம். பில் கலெக்டர், "யாராவது ஒருத்தர் வந்தா போதாதா?" என்றார். போதாது. ரசீதில் என் பேரைப் பார்த்தேன். குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ரிடையர் ஆகி, எங்கே போவதென்று வீடு தேடும் பெர்மனென்ட்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கான்ட்ராக்ட்காரன் பெண்டாட்டியான நான் என் பேருக்கு வரி கட்டுகிறேன். வரும்போது மாதா கோயிலில் இறங்கி முழந்தாளில் நின்றேன். நன்றி தவிர வேறு வார்த்தை வரவில்லை. களத்தில் என் பெண்ணுக்குப் பந்தல் போட்டபோது முதலாளியம்மாவுக்குத்தான் முதல் இலை.

குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டுப் போனார்கள். அவர்கள் ஊரிலும் வரிபாக்கியில் சர்க்கார் பேருக்குப் போய் முள் மண்டிக் கிடக்கிற இடம் இருந்தது. இரண்டு ஊரில் மனை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆனால் கதை போகப் போக மாறிவிட்டது. நாங்கள் ராவோடு ராவாகப் புகுந்து பிடித்தோம் என்கிறார்கள். கட்சிக்காரர் வாங்கிக் கொடுத்தார் என்கிறார்கள். மாதா கனவில் வந்தாள் என்றுகூட ஒருவர் சொன்னார். மாதா என் கனவில் வரவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை இருந்தது, போனேன், அவ்வளவுதான் அவள் செய்தது.

படிக்கிறவர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீடில்லாத யாருக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆபீசில் மனு கொடுத்ததையும் சொல்லுங்கள், அதற்கு முன்னால் பறிகொடுத்தவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கேட்டதையும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் இது எங்கள் கதை இல்லை.