அப்பா தேறிவிட்டார் என்று எழுதலாமா

சூப்பர் மார்க்கெட்டில் அவளுக்குச் 'சில்லறை' என்று பெயர். கல்லாவில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "சில்லறை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் கூட வேலை செய்தவர்கள் வைத்தது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கடையை விட்டு வெளியே வந்தால் அவள் யாரிடமும் எதையும் கேட்காதவள்.

முப்பத்து நான்கு வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கான படிப்பு. காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் கல்லா. உதவித்தொகை கிடைத்ததால்தான் சேர முடிந்தது. அதைத் தக்கவைத்துக்கொள்ள விதிகள் இருந்தன: எடுத்த பாடங்களில் மூன்றில் இரண்டு பங்காவது தேற வேண்டும், சராசரி மதிப்பெண் குறையக் கூடாது. முதல் வருடம் அந்த விதிகளை நினைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாளானால் பின்னால் நிற்கிறவர் தொண்டையைச் செருமினால்தான் நகர்வாள்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. அம்மா போய்ப் பல வருடமாகிறது. மூன்றாம் மாடி வீட்டில் அப்பாவும் மகளும்தான். டாக்ஸி ஓட்டும் அண்ணன் நாலு தெரு தள்ளிக் குடும்பத்தோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வருவான். "இன்னைக்குக் கொஞ்சம் தேவலை போலிருக்கே" என்பான். தேநீர் குடித்துவிட்டுப் போவான். அவன் வருகிற நாளில் அவள் வீட்டை இன்னும் கொஞ்சம் சுத்தமாக வைத்திருப்பாள்.

அப்பாவை எழுப்பி, குளிக்க வைத்து, உடுத்தி, ஊட்டி முடிப்பதற்குள் காலை வகுப்புகள் பாதி ஓடிவிடும். நான்கு பாடங்களில் இரண்டை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தாள். விடுவது என்றால் அவளுக்குத் தெரிந்தது போகாமல் இருப்பதுதான். போகாமல் இருந்தாள். ஆசிரியரிடமும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் சொல்லவில்லை. நம் கஷ்டத்தை ஊருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள்.

பருவம் முடிந்ததும் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள்.

கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் சளி பிடித்த ஓர் அலுவலர் இருந்தார். கைக்குட்டையும் கையுமாக அவளுடைய விவரங்களைத் திரையில் பார்த்தார்.

"வராம இருந்தா விலகினதா ஆகாதும்மா. தேதிக்குள்ள எழுதிக் கொடுத்து விலகியிருக்கணும். அப்பவும் தேறாத பாடமாத்தான் கணக்குல வரும், ஆனா ஃபெயில்னு விழாது, சராசரியாவது தப்பிச்சிருக்கும். உங்களுக்கு மூணுல ரெண்டு பங்கும் போச்சு, சராசரியும் போச்சு."

"அப்பாவுக்கு உடம்பு முடியல சார்."

"அதைத்தான் அப்பவே வந்து சொல்லியிருக்கணும்." திட்டுகிற குரலில் அவர் சொல்லவில்லை. "சரி, மேல்முறையீடு பண்ணுங்க. ரெண்டு விஷயம் எழுதணும். என்ன நடந்ததுன்னு ஒண்ணு. அதுக்கு ஆஸ்பத்திரி காகிதம் போதும். இப்ப என்ன மாறியிருக்குன்னு இன்னொண்ணு. அப்பா எப்படி இருக்கார்?"

"அப்படியேதான்."

"வேற யாராவது பார்த்துக்கறாங்களா?"

"நான்தான்."

"அப்ப என்ன மாறியிருக்கு?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எதுவும் மாறல சார். மாறாதவங்க படிக்கக் கூடாதா?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "படிக்கலாம்மா. ஆனா எதுவும் மாறலேன்னா அடுத்த பருவமும் இதேதான் நடக்கும். அப்ப திரும்ப வாய்ப்புக் கேட்டா ரொம்பக் கஷ்டம். அதனாலதான் அந்தக் கேள்வியை வெச்சிருக்காங்க."

வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அப்பன் ஆத்தாள் உள்ளவர்கள் எழுதிய விதியாகத் தெரியவில்லை அது.

அடுத்த கல்லாவில் உட்காருகிற சிநேகிதி இதைக் கேட்டுச் சிரித்தாள். "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? அப்பா தேறிட்டார்னு ஒரு வரி எழுதிப் போடு. வீட்டுக்கு வந்தா பார்க்கப்போறாங்க?"

அன்று வீட்டில், ஒரு பேச்சுக்காக அப்பாவிடம் சொன்னாள். சிநேகிதி இப்படியெல்லாம் யோசனை சொல்கிறாள் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை.

"எழுது," என்றார். அவர் பேச்சைப் புரிந்துகொள்ள அவளால்தான் முடியும். "தேறிட்டேன்னு எழுது. வேணும்னா நானே வந்து காட்டறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. இடது கையால் கட்டிலைப் பிடித்து எழுந்தார். அலமாரி வரைக்கும் போய்க்காட்டத் தீர்மானித்துவிட்டார். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் தேறிய பையன் மாதிரித் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தக் கதவுக்குக் கீல் சரியில்லை. கதவோடு சேர்ந்து சாய்ந்தவரை அவள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எழுதுவியா?" என்று கேட்டார்.

"மாட்டேன்ப்பா."

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மதியங்களில் தானாகவே வந்து எட்டிப் பார்க்கும் கீழ்வீட்டுக்காரரை அப்பாவுக்கு அருகில் உட்கார வைத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அவளைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் வெளுத்தது. "அப்பாவுக்கு ஏதாவது..."

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்." நடந்ததைச் சொன்னாள். பிறகு, "காலையில நீ அப்பாவைப் பார்த்துக்கணும்ண்ணா" என்றாள்.

அண்ணன் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினான். "காலையிலதானே எனக்குச் சவாரியே..."

"எனக்கு வகுப்பும் காலையிலதான்."

"இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சே?"

"சமாளிக்கல. அதனாலதான் வந்திருக்கேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள். "இதை ஆறு மாசம் முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"கேட்டாத்தான் செய்யணுமா அண்ணி? அவருக்கும்தானே அப்பா?"

"கேட்டாத்தான் தெரியும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் வந்து குளிக்க வைக்கறேன்னு ஒரு நாள் சொன்னேனே, 'வேணாம் அண்ணி, எனக்குப் பழகிப்போச்சு'ன்னு வாசலோட அனுப்பிச்சது யாரு?"

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அப்பாவின் உடம்பை இன்னொருத்தி பார்ப்பதா என்ற கூச்சம். அதற்கும் அடியில், நானில்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்ற சின்னப் பெருமை. அண்ணி சொன்னது முழு உண்மையில்லை. ஒரு தடவை வேண்டாம் என்றதை ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொண்டது அவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதி உண்மை.

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். வாரத்தில் நான்கு காலை அண்ணன் வருவது, அவனால் முடியாவிட்டால் அண்ணி. இதை ஒரு தாளில் எழுதி அவள் நீட்டியதும் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கையெழுத்து எதுக்கு? நான் சொன்னா போதாதா?"

"எனக்குப் போதும்ண்ணா. காலேஜ்காரங்களுக்குப் போதாதாம்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான். அந்தத் தாளையும் சேர்த்து அவள் கொடுத்த மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டு ஒரு பருவத்துக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தார்கள். எடுத்த எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் அதற்கு மேல். மூன்று பாடம் எடுத்தால் போதும், நாலுக்கு ஆசைப்படாதீர்கள் என்று சளி பிடித்த அலுவலரே சொன்னார்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் ரகளை. தண்ணீர் கொதிக்கிறது என்று அப்பா, பச்சைத் தண்ணீரே வேண்டுமென்றால் மழையில் நில்லுங்கள் என்று மகன். சட்டையின் எந்தக் கையை முதலில் மாட்டுவது என்பதற்கு ஒரு சண்டை. வகுப்பிலிருந்து அவள் போன் செய்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புகார் சொல்வார்கள். ஒரு நாள் சீக்கிரம் திரும்பியவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அண்ணன் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். தாடையைப் பிடித்து மெல்லத் திருப்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு கவனமாக. அவனை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. தன்னைத் தவிர யாராலும் முடியாது என்று இருந்த வேலையை அவன் தன்னைவிட நன்றாகவே செய்கிறான் என்று தெரிந்தபோது, சந்தோஷத்தோடு ஒரு பொறாமையும் வந்ததை அவள் மறைக்கவில்லை. பிறகு அண்ணியிடம் சொல்லிச் சிரித்தாள்.

அண்ணன் ஒன்றும் ஒரே நாளில் திருந்திய உத்தமனாகிவிடவில்லை. இரண்டு மூன்று காலை வராமல் மட்டம் போட்டான். அந்த நாட்களில் அவள் முதலில் அண்ணிக்குப் போன் செய்தாள், அடுத்துக் கல்லூரிக்கு. "இன்னைக்கு வர முடியல, என்ன பண்ணலாம்?" என்று ஆசிரியரிடம் கேட்க முதல் முறை நாக்கு எழவில்லை. மூன்றாம் முறை சாதாரணமாக வந்தது.

மூன்று பாடத்திலும் தேறினாள், ஒன்றில் மயிரிழையில். தன்னோடு சேர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் பின்னால் படிப்பை முடித்து, நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். 'இப்ப என்ன மாறியிருக்கு' என்ற அந்தக் கேள்வி நியாயமானது என்று அவள் இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை. "எங்க அண்ணன் மாட்டேன்னு சொல்லியிருந்தா?" என்று கேட்பாள். "அண்ணனே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

இப்போது பகலில் அப்பா மகன் வீட்டில்தான் இருக்கிறார். அது தரைத்தளம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதிர்க் கட்டடத்துக்கு அடித்திருக்கும் பெயிண்ட் சரியில்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். அவர் பேச்சு இப்போது அவர்களுக்கும் புரிகிறது.