கேட்ட நாடும் பார்த்த நாடும்

மலேசியாவில், கிள்ளான் நகரில் எங்கள் சிகிச்சை மையத்தின் கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட கோப்பைகள் சில இருந்தன. வெளிநாட்டு விருந்தாளி வந்தால் மட்டும் அவற்றை வெளியே எடுப்பார் மேட்ரன். அரசாங்க மருத்துவமனைத் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாண வம்சாவளிப் பெண்மணி அவர். நடக்க முடியாத பிள்ளைகளுக்காக அந்த மையத்தை நடத்தினார். நான் அவருக்கு உதவியாளர்.

இரண்டு நாடுகள் எங்களுக்குக் கைகொடுத்தன. ஓர் ஐரோப்பிய நாடு பயிற்சிக்கூடம் கட்டித் தந்து, பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளரின் சம்பளத்தையும் ஏற்றது. அதன் அதிகாரி வரும்போதெல்லாம் என்ன தேவை என்று கேட்பார். கேட்காமல் தாங்களே முடிவு செய்வது மரியாதையல்ல என்பது அவர்கள் கொள்கை. ஜப்பான் பணம் தரவில்லை, தொண்டராக ஒரு பெண்ணை அனுப்பியது. அவள் எதையும் கேட்கமாட்டாள். பந்திங் ஊருக்குப் பஸ் ஏறிப் பிள்ளைகளின் வீட்டுக்கே போய், அம்மாக்கள் எப்படித் தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். எங்களுக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் சமையலறைக்குள் நுழையும் விருந்தாளியை யாருக்குப் பிடிக்கும்?

மலேசியா வளர்ந்துவிட்டது, உதவியை நிறுத்தலாமா என்று பார்க்க ஐரோப்பிய அதிகாரி வந்தார். சிகிச்சையாளர் போய்விட்டால் பிள்ளைகள் மறுபடி படுத்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தும் மேட்ரன் உடைந்த சக்கர நாற்காலிகளை மறைவாக அடுக்கச் சொன்னார். வடை சுட்டோம்.

"உள்ளத சொல்லிடலாமே மேட்ரன்?" என்றேன்.

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட மூக்க சிந்துறதா? சாப்பிடட்டும் லா."

அவர் சாப்பிட்டார், வழக்கம்போலக் கேட்டார். எல்லாம் நன்றாக நடக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார் மேட்ரன். அதிகாரி நம்பிவிட்டார், பாவம். சம்பளம் நின்றது. சிகிச்சையாளர் ஸ்ரீ கெம்பாங்கான் நகரில் வேறு வேலைக்குப் போனார்.

கேட்பதும் மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளியிடம் குறையைச் சொல்ல வாய் வராத எங்களைக் கேட்டு என்ன பயன்? ஜப்பான் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைத்தான் அம்மாக்கள் இன்றும் வீட்டில் செய்கிறார்கள். அதுவும் ஓரளவுக்குத்தான்.

போன மாதம் உதவி தரும் உள்ளூர் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். மேட்ரன் அவரை உட்காரச் சொல்லவில்லை. வாசலிலேயே, "எங்களால முடியல சார். உள்ள வந்து பாருங்க," என்றார். இந்த வயதில் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கூசியிருக்கும்! உள்ளே, கம்பியைப் பிடித்து நிற்கப் பழகியிருந்த பிள்ளைகள் பாயில் படுத்திருந்தார்கள்.