நாற்பத்தோராவது நிமிடம்

ஜோர்டானின் இர்பித் நகரில் பெண்கள் கூடத்துக் கல்யாணத்தைப் படம் பிடிக்க இப்திசாமை விட்டால் ஆள் கிடையாது. முக்காடில்லாமல் ஆடுகிற பெண்களை அந்நிய ஆண் பார்த்துவிடக் கூடாதே! அதனால் மணப்பெண்ணுக்கு ஒரே ஒரு டிவிடி. மீதிப் பதிவைப் பெண்ணின் தாய் எதிரிலேயே அழித்துவிடுவாள். பதினாறு வருடத்தில் அவள்மேல் ஒரு சொல் வந்ததில்லை.

அந்த வருடம் கடைத்தெரு முழுக்க டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே பேச்சு. ப்ளேயர் விற்கும் ஹைஸம் அவளைக் கண்டால் விடமாட்டான்.

"ரெண்டே வருஷம்க்கா. அப்புறம் டிவிடியைப் புறா விரட்டத்தான் பால்கனியில கட்டுவாங்க."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. எங்க வீட்ல கேசட் ப்ளேயர் இன்னும் போகல, அது தலைமேல டிவிடி உக்காந்திருக்கு. உன்னுது வந்தா மூணாவது மாடி!"

சிரித்துவிட்டு வந்தவளை மூத்த மகன் பெயரால் உம்மு வாயில் என்று அழைக்கப்படும் அம்மாளின் தொலைபேசி பிடித்துக்கொண்டது. அவர் மகள் ஷுரூக், கல்யாணமான மறுவருடமே பிரசவத்தில் இறந்துபோனவள். அவளுடைய கல்யாண டிவிடி அரித்துப்போய், நாற்பத்தோராவது நிமிடத்தில் நின்றுவிடுகிறதாம்.

"திரும்பி என்னமோ சொல்ல வாயைத் திறக்கிறா, அப்படியே நிக்கிறா. நீதானே எதிர்ல இருந்தே? என்னம்மா சொன்னா?"

அந்த வாக்கியம் இப்திசாமுக்கு மனப்பாடம். படத்துக்கு வெளியே நின்ற யாரிடமோ, "எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் பெண். முகம் அத்தனை அழகாக இருந்ததால் வெட்ட மனம் வரவில்லை. பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டாள். மகா தப்பு.

"'உம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க'ன்னா, அக்கா."

உம்மு வாயில் சொன்னார்: "குவைத்துலேர்ந்து பெரியவன் புளூ-ரே அனுப்பியிருக்கான். பழைய டிவிடியையும் நல்லா வாசிக்குமாம். வெள்ளிக்கிழமை வா, சேர்ந்து பாக்கலாம்."

ஹைஸம் சொன்னது பொய்யாகட்டும், புது ப்ளேயர் தோற்கட்டும் என்று அன்று முதல் வேண்டிக்கொண்டாள் இப்திசாம். வியாழக்கிழமைக் கல்யாணத்தில் மணப்பெண் சட்டென்று திரும்பினாள். கேமராவுக்குள் தெரிந்தது ஷுரூக்கின் முகம். பயத்தில் கேமராவைத் தாழ்த்திவிட்டாள்; படம் முழுக்கத் தரைவிரிப்புதான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை, உம்மு வாயில் வீட்டில் புதினாத் தேநீர் தொடாமலே ஆறியது. புது ப்ளேயர் டிவிடியைச் சத்தமின்றி விழுங்கியது. முப்பத்தொன்பது. நாற்பது. காதணியின் கல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஷுரூக் திரும்பினாள், உதடு பிரிந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று நிம்மதியாக மூச்சு விட்டார் உம்மு வாயில். "இதுவும் தாண்டல."

இப்திசாம் திகைத்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு அவ பக்கத்துல நின்னது நான்தான். வீட்டுக்குப் போயிடலாம்னு என்கிட்டதான் சொன்னா. 'சிரிடி, ஊரே பாக்குது'ன்னு நான் அவ கையைக் கிள்ளினேன்."

திரையில் ஷுரூக்கின் வாய் திறந்தபடியே இருந்தது. அணைக்க இருவருக்கும் கை எழவில்லை.

"இப்திசாம், போன்ல ஒண்ணு சொன்னியே," என்றார் உம்மு வாயில். "அதை இன்னொரு தடவை சொல்லு."

இப்திசாம் சொன்னாள்.