அம்மா தூங்குது

ஆவடியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது மகனுக்கு இரண்டரை வயது. காலையில் ஃபாக்டரி சங்கு ஊதுவதற்குள் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துவிடுவார். மாலைச் சங்குக்குப் பிறகுதான் திரும்புவார். நடுவில் நானும் அவனும்தான். குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கிக்கொள் என்று ஊரிலிருந்து புத்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழந்தை தூங்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் சமர்த்தாக விளையாடுகிற நேரம் ஒன்று உண்டு. அப்போது கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றால், சரியாகப் பக்கத்து வீட்டக்கா வந்துவிடுவார். மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவர். மகன் அவரை அத்தை என்று கூப்பிடுவான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் அவருக்குப் பொழுது போகவேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்த எனக்கு அவர் பேச்சில் பாதிதான் புரியும். அந்தப் பாதியே காபி நேரம் வரை நீளும். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கப் பழகியிருந்தேன்.

கடைசியில் மகனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். மதியம் கதவு தட்டப்பட்டால், ஜன்னலுக்குக் கீழே கவிழ்த்து வைத்த வாளிமேல் ஏறி நின்று, அம்மா தூங்குவதாகச் சொல்லவேண்டும். சொன்னால் உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரை. எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதையாக, "அம்மா தூங்குறாங்க" என்று சொல்லத்தான் கற்றுக்கொடுத்தேன். அவன் அக்காவின் பாஷையிலேயே, "அம்மா தூங்குது" என்றான். அதுவும் நல்லதற்குத்தான், அக்கா உடனே நம்பிவிட்டார். "பாவம், தூங்கட்டும்" என்று அவர் திரும்பிப் போகும் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பாயில் புரண்டு படுப்பேன். அந்தச் சுகம் ராஜாவுக்கும் கிடைக்காது.

ஒருநாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பாலை வைத்த நேரம், வெளியே தூறல் போட்டது. கொடியில் துணி கிடந்தது. பின்வாசல் வழியாக ஓடினேன். நாலு துணியை எடுத்திருப்பேன், முதுகுக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம். தொடர்ந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம். மேல் தாழ்ப்பாள் மழையில் இறுகிக்கொள்கிறது என்று என் வீட்டுக்காரர் கீழே ஒன்று புதிதாகப் போட்டிருந்தார், மகன் கைக்கு எட்டுகிற உயரத்தில். முன்வாசலையோ அக்காவுக்குப் பயந்து நானே உள்ளே தாழிட்டிருந்தேன்.

தட்டினேன். வாளி இழுபடும் சத்தம் கேட்டது. பின்பக்க ஜன்னல் கம்பிக்கு நடுவில் முகம் தெரிந்தது.

"அம்மா தூங்குது" என்றான், என்னையே பார்த்து.

கெஞ்சினேன், மிரட்டினேன், அப்பா வரட்டும் என்றேன். ஒவ்வொரு தட்டலுக்கும் அதே பதில். பதிலுக்குப் பிறகு கம்பி வழியாக உள்ளங்கை நீளும். அப்போதுதான் எனக்கு ஸ்டவ் ஞாபகம் வந்தது. சர்க்கரை டின் ஸ்டவ்வுக்கு மேலே உள்ள பலகையில் இருந்தது. நான் கொடுக்காவிட்டால் வாளியைத் தள்ளிக்கொண்டு போய் அவனே எடுப்பான். அதற்கும் அவனுக்குச் சாமர்த்தியம் உண்டு. கீழே நெருப்பும் கொதிக்கிற பாலும். கதவை இரண்டு கையாலும் இடித்துக் கத்தினேன்.

தானும் துணி எடுக்க வந்த அக்கா, குட்டைச் சுவரைத் தாண்டி ஓடிவந்தார். மகன் அவரைப் பார்த்ததும் இன்னும் உற்சாகமாக, "அம்மா தூங்குது" என்று சொல்லிக் கையை நீட்டினான்.

அவன் நீட்டிய கையை அக்கா பார்த்தார். பிறகு ஈரத்துணியோடு நின்ற என்னைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நனைந்த படிக்கட்டிலேயே கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்.

"நைனா, இப்ப நீ கதவ தட்டு" என்றார்.

உள்ளே வாளியிலிருந்து குதிக்கும் சத்தம். டொக் டொக் என்று தட்டினான்.

"அத்தை தூங்குது" என்றார் அக்கா.

மறுபடி தட்டினான், மறுபடி அதே பதில். மூன்றாம் முறை கையால் அல்ல, காலால் உதைத்தான். அவனுடைய வேலையை இன்னொருத்தர் பார்ப்பதை அவனால் தாங்க முடியவில்லை. தாழ்ப்பாள் கிரீச்சிட்டது. அக்காவை எழுப்ப அவன் வெளியே பாய்ந்தான், நான் உள்ளே பாய்ந்தேன். பால் பொங்கி ஸ்டவ்வெல்லாம் வழிந்து கருகிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுத் திரும்பி வந்து, மகனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

அக்கா அவனை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "தூக்கம் வந்தா வர்துன்னு சொல்றதுக்கு இன்னா?" என்றார். "நீ போய்ப் படு. இவன நான் இட்டுகினு போறேன்."

அன்று முதல் மதியமானால் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு வீடு முழுக்க அமைதி, பாய், தலையணை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. நாலைந்து நாள் புரண்டு பார்த்துவிட்டு, வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

உள்ளே வாளி இழுபடும் சத்தம் கேட்டது.

"அத்தை தூங்குது" என்றான் என் மகன். பின்னால் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தார்.